ஸ்ட்ரோபெரிப் படங்கு

பதுளை
ஆகஸ்ட் 24

என் அன்பு அக்காவுக்கு,

நாங்க ரெண்டு பேரும் நல்ல சொகம். நீயும் உன் மகள் டிலுக்ஷியும் எப்படி இருக்கீங்க? அத்தான் கொழும்புல இருந்து பேசினாரா? உன் முழங்கால் வலிக்கு நான் குடுத்த எண்ணெயைத் தேய்க்கிறியா, இல்ல போத்தலை ஜன்னல்ல வச்சு அழகு பாக்குறியா?

கையில போனை வச்சுக்கிட்டு இவ ஏன் கடுதாசி எழுதுறான்னு நெனைப்ப. போன ஞாயித்துக்கிழமை, டிலுக்ஷியை எங்க வீட்டுல தங்கிப் படிக்க எப்ப அனுப்பப் போறன்னு கேட்டேன். உடனே சிக்னல் இல்ல, சிக்னல் இல்லன்னு சொல்லி வச்சிட்ட. அதுவரைக்கும் உன் கோழி அடைகாக்குற கதையெல்லாம் எனக்குத் தெளிவாத்தான் கேட்டுச்சு. மடுல்சீமை டவரையும் எனக்குத் தெரியும், உன்னையும் எனக்குத் தெரியும். கடுதாசின்னா பாதியில வைக்க முடியாது, அதான் எழுதுறேன்.

நம்ம வீட்டுப் பக்கத்து அறையில ஸ்பொஞ்சும் பழைய த்ரீவீல் சீட்டும் அடைஞ்சு கெடந்துச்சுல்ல. அதையெல்லாம் ஏறக்கட்டி, சுண்ணாம்பு அடிச்சு, டிலுக்ஷிக்குன்னு கட்டிலும் போட்டாச்சு. இவரு வேலை செய்யுற குஷன் கடையில ரெக்ஸின் வெட்டுறதுக்குப் பெரிய பலகை ஒண்ணு இருந்துச்சு. முதலாளி முன்ஸிப் நானா புதுசு போட்டுட்டுப் பழசை இவருகிட்ட குடுத்துட்டாரு. இவரு அதுக்கு நாலு கால் வச்சு புள்ளைக்குப் படிக்கிற மேசையாக்கிட்டாரு. கதவு வழியா போகல, ஜன்னலைக் கழட்டித்தான் உள்ள எடுத்தோம். இப்ப அறைக்குள்ள மேசை இருக்குன்னு சொல்ல முடியாது, மேசையைச் சுத்திக் கொஞ்சம் அறை இருக்கு.

பலகை மேல பூராவும் கத்தி போட்ட கோடு. பேப்பரை வச்சு எழுதினா பேனா பொத்துக்கிட்டுப் போகுது. அதனால பலகையை மூடி ரெக்ஸின் துணி இழுத்து ஆணி அடிக்கப் போறோம். மை கொட்டினாலும் கொழம்பு கொட்டினாலும் ஈரத்துணியால ஒரு இழுப்பு இழுத்தா போதும். சூடா மட்டும் எதையும் வைக்கக் கூடாதாம், ரெக்ஸின் உருகிச் சுருங்கிடுமாம். தேத்தண்ணி கிளாஸோட அந்த அறைப் பக்கமே போகாதன்னு இவரு இப்பவே எனக்குச் சட்டம் போட்டுட்டாரு.

புள்ளைக்குப் பூப் போட்டது பிடிக்குமா, பழம் போட்டது பிடிக்குமா? இங்க ஸ்கூல்ல ஆறாம் வகுப்புக்குப் பேர் எழுதிக்கிட்டாங்க. இனி நீதான் ஒரு வார்த்தை சொல்லணும். ஜூன் மாசம் நான் வந்து கேட்டப்ப பாப்போம்னு சொன்ன. இன்னும் பாத்துக்கிட்டேதான் இருக்கியா?

பதிலுக்குக் காத்திருக்கும் உன் தங்கச்சி,
கலாராணி


மடுல்சீமை
செப்டம்பர் 9

தங்கச்சி கலாவுக்கு அக்கா எழுதுறது,

இங்க நாங்களும் அட்டைப்பூச்சிகளும் சொகமா இருக்கோம். உன் வீட்டுக்காரர் தம்பி இராசையாவுக்கு முதுகு எப்படி? ஆறடிப் பலகையை ஜன்னல் வழியா தூக்கினா முதுகு என்னத்துக்கு ஆகும், உனக்கு அறிவிருக்கா?

மழை முன்னாடியே வந்துட்டுது. கோழி அடைகாத்து முடிச்சிருச்சு, ஒரு குஞ்சு மட்டும் கறுப்பு. நம்ம லயத்து ரெங்கம்மா வீட்டு ஆடு நம்ம ஒத்த அறைக் காம்பராவுக்குள்ள வந்து டிலுக்ஷியோட சிங்களப் புத்தகத்து அட்டையைத் தின்னுட்டுப் போயிருச்சு. ரெங்கம்மா கிட்ட சொன்னா, ஆட்டுக்காவது சிங்களம் வரட்டும்ங்கிறா.

மழைக்கு இடுப்புல கட்டுற என்னோட படங்கு நட்டநடுவுல கிழிஞ்சு போச்சு. இப்போதைக்கு உரப் பை ஒண்ணைப் பிரிச்சு இடுப்புல கட்டிக்கிட்டு மலைக்குப் போறேன். அது முழங்கால் வரைக்கும் எட்டல. தேயிலைச் செடியில நிக்கிற தண்ணி பூராவும் பாவாடையிலதான். நீயும் கல்யாணத்துக்கு முன்னாடி கொழுந்து எடுத்தவதானே, உனக்குச் சொல்லணுமா.

டிலுக்ஷி நல்லா இருக்கா. துணி எதுன்னாலும் பரவால்ல. அவ இங்க அரிசிப் பெட்டி மேல வச்சுத்தான் எழுதுறா, எழுத்து நேராத்தான் இருக்கு.

அடுப்புல சோறு பொங்குது. மத்ததைப் பெறகு எழுதுறேன்.

இப்படிக்கு,
அக்கா ஜீவராணி


பதுளை
செப்டம்பர் 21

என் அன்பு அக்காவுக்கு,

இங்க ரெண்டு பேருக்கும் ஒரு கொறையும் இல்ல. இவரு முதுகுக்குப் பத்துப் போட்டு, இப்ப நிமிந்து நடக்குறாரு. நீ சொகமா? கறுப்புக் குஞ்சு சொகமா? ஆடு எத்தனாம் வகுப்பு?

கோழி, ஆடு, ரெங்கம்மா, மழைன்னு எல்லாத்துக்கும் உன் கடுதாசியில எடம் இருந்துச்சு. நான் கேட்டதுக்குத்தான் சோறு பொங்கிருச்சு.

சரி, துணி விஷயத்துக்கு வர்றேன். முன்ஸிப் நானா கடைக்கு வெள்ளையில செவப்பு செவப்பா ஸ்ட்ரோபெரி போட்ட ரெக்ஸின் வந்திருந்துச்சு. பாத்த ஒடனே டிலுக்ஷி மொகம்தான் நெனைவுக்கு வந்துச்சு. ரோல்ல கடைசியா மிஞ்சினது சரியா நம்ம மேசைக்குத்தான் காணும். மூலையில ஒரு துண்டு வெட்டி சாம்பிளா அனுப்பலாம்னேன். வெட்டினா மேசைக்குக் கொறையும்னு இவரு கத்திரிக்கோலைப் பிடுங்கிட்டாரு. அதனால முழுத் துணியையும் இன்னைக்குக் காலையில மடுல்சீமை பஸ் கண்டக்டர் ஸப்ரான் தம்பிகிட்ட குடுத்து விட்டுட்டேன். கடுதாசியையும் உள்ள வைக்கத்தான் ஓடினேன், அதுக்குள்ள பஸ் கெளம்பிருச்சு. அதனால இதைத் தபால்ல போடுறேன்.

புள்ளைகிட்ட காட்டு. பிடிச்சிருக்குன்னா மடிக்காம சுருட்டி, ஸப்ரான் கிட்டயே திருப்பிக் குடுத்து விடு. மடிச்சா கோடு விழுந்துடும், பத்திரம்.

அன்புத் தங்கச்சி,
கலா


மடுல்சீமை
அக்டோபர் 1

அன்புள்ள என் தங்கச்சி கலாவுக்கு,

நீயும் தம்பியும் நூறு வருஷம் நல்லா இருக்கணும். இங்க எல்லாரும் சொகம், இந்த வாரம் கூடுதலா சொகம்.

ஸப்ரான் தம்பி லயத்து வீட்டு வாசலுக்கே ஏறி வந்து, உங்க தங்கச்சி குடுத்தாங்கன்னு பார்சலைக் கையில வச்சிட்டுப் போச்சு. பிரிச்சுப் பாத்தேன், எனக்குக் கண்ணு கலங்கிருச்சுடி. படங்கு கிழிஞ்சு போச்சுன்னு ஒரு வரிதான் எழுதினேன். அதை மனசுல வச்சுக்கிட்டு இவ்வளவு பெரிய துணியை அனுப்பியிருக்கியே. டிலுக்ஷிதான், அம்மா இது ஏதோ மேசைக்குப் போடுற மாதிரி இருக்கேன்னா. போடி, பதுளையில இப்ப படங்கே இப்படித்தான் வருதுன்னு சொல்லி வாயை அடைச்சுட்டேன்.

நாலா வெட்டினா அளவு சரியா வந்துச்சு. எனக்கு ஒண்ணு, ரெங்கம்மாவுக்கு ஒண்ணு, பக்கத்துக் காம்பரா அக்காவுக்கும் அவ மருமகளுக்கும் ஒவ்வொண்ணு. நாடா வச்சுத் தைச்சு, மறுநாள் காலையில நாலு பேரும் கட்டிக்கிட்டுப் பெரட்டுக்குப் போய் நின்னோம் பாரு, பேர் கூப்பிட வந்த கணக்கப்புள்ளைக்குப் பேர் மறந்து போச்சு. கங்காணி சுத்திச் சுத்தி வந்து பாத்துட்டு, கொழுந்து எடுக்க வந்தீங்களா, மலையில பழக்கடை போட வந்தீங்களான்னு கேட்டாரு. ரெங்கம்மா அது தக்காளின்னு சாதிக்கிறா. ஸ்ட்ரோபெரின்னு டிலுக்ஷி எழுதியே காட்டிட்டா, அப்பவும் அவ நம்பல.

என்ன மழை பேஞ்சாலும் ஒரு சொட்டு உள்ள எறங்கல. சாயங்காலம் பீலியில கொட்டுற தண்ணியில ஒரு தடவை அலசினா சேறெல்லாம் போயிருது. போன வருஷமெல்லாம் ஈரத்துலயே நின்னு முழங்கால் விறைச்சுப் போகும். இப்ப உன் எண்ணெய்க்கே வேலை இல்ல.

ரெங்கம்மா உன்னைக் கேட்டதாச் சொல்லச் சொன்னா. அடுத்த தடவை கத்தரிக்காய் போட்டது அனுப்பணுமாம்.

சந்தோஷத்துடன்,
அக்கா ஜீவராணி


பதுளை
அக்டோபர் 10

அன்பு அக்காவுக்கு,

சொகமா? நாங்க சொகம். உன் கடுதாசியை இவரு சத்தமா வாசிச்சாரு. பாதியில நிப்பாட்டி என் மொகத்தைப் பாத்தாரு, நான் அவர் மொகத்தைப் பாத்தேன். பெறகு ரெண்டு பேரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம். கண்ணுல தண்ணி வந்துருச்சு.

படங்கு பொருந்தினதுல ரொம்ப சந்தோஷம் அக்கா. நல்லாக் கட்டுங்க.

செப்டம்பர் மாசம் தபால்ல ஒரு கடுதாசி போட்டேன், இன்னும் வரலன்னு நெனைக்கிறேன். வந்தா வாசிக்காம அடுப்புல போட்டுடு. அதுல ஒண்ணும் இல்ல.

அன்புடன்,
கலா


மடுல்சீமை
அக்டோபர் 24

கலாவுக்கு அக்கா எழுதுறது,

ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. மனசுதான் சரியில்ல.

வாசிக்காம அடுப்புல போடுன்னு எழுதினா, ஒலகத்துல எவளாவது போடுவாளா? உன் பழைய கடுதாசி தோட்டத்து ஆபீஸ்ல வேற டிவிஷன் கட்டோட சேந்து போய்க் கெடந்து, நேத்துதான் வந்துச்சு. வாசல்லயே நின்னு வாசிச்சேன். மடிக்காம சுருட்டி அனுப்புன்னு எழுதியிருக்க. நான் அதை நாலா வெட்டி, சேத்துல போட்டு மிதிச்சு, அதுக்கு நன்றின்னு ஒரு கடுதாசியும் எழுதியிருக்கேன். எனக்குத் தலையைக் கொண்டுபோய் எங்க வைக்கிறதுன்னு தெரியல. டிலுக்ஷி வேற, நான் அப்பவே சொன்னேன்ல அம்மாங்கிறா.

ரெங்கம்மா கிட்ட சொன்னேன். அவ வழக்கம் போலச் சிரிக்கல. படங்கை அவுத்து என் கையில குடுத்துட்டு, புள்ளையோட மேசைத் துணியையா நான் இடுப்புல கட்டினேன்னு மொகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டா. மத்த ரெண்டு பேரும் அப்படித்தான். உன் பதில் வர்ற வரைக்கும் மழையில நனையாதீங்கன்னு மறுபடி கட்ட வச்சிருக்கேன். திருப்பித் தர்றோம், தைச்சுக்கிறியா?

இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. நீ துணியைக் கேளு, நூலைப் பிரிச்சாவது தர்றேன். இன்னொண்ணைக் கேட்டுக் கேட்டுக் கடுதாசி எழுதாத. உன் அத்தான் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வந்துட்டுப் போற மனுசன். இந்தக் காம்பராவுல எனக்குப் பேச்சுத்துணை யாருன்னு உனக்கே தெரியும்.

அக்கா


மடுல்சீமை
நவம்பர் 3

அன்புள்ள சித்திக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் சித்தப்பாவும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தை அம்மாவுக்குத் தெரியாமல் எழுதி ஸப்ரான் அண்ணாவிடம் கொடுக்கிறேன்.

எனக்கு ஸ்ட்ரோபெரி ரொம்பப் பிடிச்சிருக்கு சித்தி. ஸ்கூல்ல என் வகுப்பு ஜன்னல்ல இருந்து பாத்தா எதிர் மலை தெரியும். முன்னாடி எல்லாரும் ஒரே மாதிரி தெரிவாங்க, அம்மா யாருன்னு தெரியாது. இப்ப செவப்பா நாலு பேர் தெரியுறாங்க. அதுல ஒருத்தர் அம்மா.

சித்தி, அம்மா என்னை அனுப்ப மாட்டாங்கன்னு நீங்க நெனைக்காதீங்க. அம்மா எனக்குக் கறுப்புச் சப்பாத்து வாங்கிட்டாங்க. என் காலுக்கு ஒரு சைஸ் பெருசு, ரெண்டு வருஷம் போடலாமாம். ஒரு தகரப் பெட்டியும் வாங்கி வெறகுப் பரண்ல சாக்குப் போட்டு மூடி வச்சிருக்காங்க. அதுல டவல், சீப்பு, போர்வை எல்லாம் இருக்கு. எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறாங்க. பூனை ஏறினதால நான் பாத்துட்டேன்.

பதுளைக்குப் போறியான்னு அம்மா அடிக்கடி கேக்குறாங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள தண்ணி எடுக்கப் போயிடுறாங்க. போறேன்னு சொன்னா அழுவாங்க. போகலன்னு சொன்னா ஏசுவாங்க. நான் என்ன சொல்றது சித்தி?

எனக்குப் போக ஆசைதான். ஆனா அம்மா ராத்திரி என்கிட்டதான் எல்லாக் கதையும் சொல்லுவாங்க. பெறகு யார்கிட்ட சொல்லுவாங்க?

மேசை ரொம்பப் பெருசுன்னு சொன்னீங்களாம். அம்மா வந்தா அம்மாவும் அதுல உக்காரலாமா?

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகள்,
டிலுக்ஷி


பதுளை
நவம்பர் 12

என் அன்பு அக்காவுக்கு,

சொகமா இருக்கியான்னு இன்னைக்குச் சும்மா கேக்கல. நெசமாவே தெரிஞ்சுக்கணும்னு கேக்குறேன்.

இதோட ஸப்ரான் கையில நாலு படங்கு வருது. இந்தத் தடவை கடுதாசியைப் பார்சலுக்குள்ளேயே வச்சிட்டேன், இது நெசமாவே படங்குதான். த்ரீவீல் சீட்டுக்குப் போடுற கறுப்பு ரெக்ஸின். வெட்டி மிஞ்சினதை முன்ஸிப் நானா எடுத்துக்கச் சொன்னாரு. இவரு இடுப்புக்குப் பட்டி வச்சு, ரெட்டைத் தையல் போட்டுத் தைச்சிருக்காரு. முள்ளு குத்தினாலும் கிழியாது. ஸ்ட்ரோபெரித் துணியைத் திருப்பிக் கேட்டு இதை அனுப்பல, அதையும் வச்சுக்கோங்க. அதுக்குள்ள தைச்சுட்டீங்களான்னு நான் இவருகிட்ட கேட்டதுக்கு, ஈரத்தோட நிக்கிறேன்னு உன் அக்கா அப்பவே எழுதியிருந்தாங்க, நாம யாரும் அதை வாசிக்கலயேன்னாரு. உண்மைதான் அக்கா. அந்தக் கடுதாசியில நான் டிலுக்ஷி பேரு எங்க வருதுன்னு தேடித்தான் வாசிச்சேன். உன் படங்கு கிழிஞ்சது என் கண்ணுல படவே இல்ல. நீ என்னடான்னா அதுக்கு நூறு வருஷம் வாழ்த்திட்ட.

இன்னொண்ணையும் சொல்லிடுறேன். முழுத் துணியையும் அனுப்பினதுக்குக் காரணம், வெட்டினா கொறையும்னு மட்டும் இல்ல. துணி அங்க போனா, அது திரும்பி வரும்போது புள்ளையும் கூட வந்துடும்னு ஒரு ஆசை. எங்க வீட்ல சாயங்காலம் ஆனா ரேடியோ சத்தம் மட்டும்தான். இவரு ஒரு பக்கம் உக்காந்திருப்பாரு, நான் ஒரு பக்கம் உக்காந்திருப்பேன். அந்த அறையை ஒதுக்கின நாள்ல இருந்து ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டுப் போய் அந்த வாசப்படியில உக்காந்துதான் பேசுறோம்.

ஆனா நான் அவளை எனக்குன்னு கேக்கல. ஸ்கூல் நாளுக்கு மட்டும் குடு. லீவு எல்லாம் உன்னோடது. ஸப்ரான் தம்பி சீட்டுப் பிடிச்சுக் கூட்டிட்டு வரும். நான் அவளுக்குச் சித்திதான். வேற மாதிரி கூப்பிடணும்னு எனக்கு நெனைப்பும் இல்ல, கூப்பிட விடவும் மாட்டேன்.

இதுக்கு மேல கேக்க மாட்டேன் அக்கா. நீ வேணாம்னு எழுதினாலும் நான் எப்பவும் போல வருவேன், உன் கையால சாப்பிடுவேன்.

உன் தங்கச்சி,
கலா


மடுல்சீமை
டிசம்பர் 16

என் கண்ணு கலாவுக்கு,

சொகமான்னு நெசமாவே கேட்டியே, அதனாலதான் பதில் எழுத இவ்வளவு நாளாச்சு. ரெண்டு தடவை எழுதிக் கிழிச்சேன். இப்ப சொகமா இருக்கேன்.

உனக்கு ஒரு விஷயம் தெரியாது. ஜூன் மாசம் நீ வந்துட்டுப் போன மறுவாரமே டிலுக்ஷிக்குச் சப்பாத்து வாங்கிட்டேன். பெட்டியும் வாங்கிட்டேன். அனுப்பணும்னு முடிவு பண்ணினவ நான்தான். இந்த மலையில என்னோட சேந்து ஈரத்துல நிக்கிறதுக்கா அவளைப் பெத்தேன்? ஆனா அந்த வார்த்தை வாயில வர மாட்டேங்குது. நீ எப்பன்னு கேக்கும்போதெல்லாம் நாக்கு மடங்கிப் போகுது, உடனே சிக்னல் இல்லன்னு வந்துடுது. சிக்னல் இருந்துச்சுடி. எல்லா நாளும் இருந்துச்சு.

எனக்கு என்ன பயம்னு கேளு. டவுனுக்குப் போயி, நல்ல மேசையில உக்காந்து படிச்சு, ஒரு நாள் நான் படங்கோட வந்து நின்னா அவளுக்கு வெக்கமா இருக்குமோன்னுதான். இதை யார்கிட்டயும் சொல்லல. போன மாசம் மழையில மடுவக் கொட்டகையில கொழுந்து நிறுத்துக்கிட்டு இருந்தேன். ஸ்கூல் விட்டுப் புள்ளைங்க கூட்டமா வந்துச்சு. நான் ஒரு பக்கமா ஒதுங்கினேன். டிலுக்ஷி என்ன பண்ணினா தெரியுமா? கூட வந்ததுங்களை எல்லாம் இழுத்துக்கிட்டு வந்து, இதுதான் பதுளையில என் மேசைக்கு வாங்கின துணி, அம்மாவுக்கு அழகா இருக்குல்லன்னு காட்டினா. தராசுல கூடையை வச்சிட்டு நான் அப்படியே நின்னுட்டேன். அடுத்த ஆளுக்கு வழி விடச் சொல்லி கணக்கப்புள்ளை ஏசினாரு.

அன்னைக்கு ராத்திரி அவளே வெறகுப் பரண்ல இருந்து பெட்டியை எறக்கி வச்சிட்டு, புத்தகத்தையும் இதுலயே அடுக்கவாம்மான்னு கேட்டா. திருட்டுக் கழுதை, எப்பவோ பாத்திருக்கா.

தம்பி தைச்ச கறுப்புப் படங்குக்கு லயமே கும்பிடு போடுது. அதைக் கட்டினா ஆர்மிக்காரி மாதிரி இருக்குன்னு ரெங்கம்மா கையை வீசி நடக்குறா. ஸ்ட்ரோபெரித் துண்டு மூணையும் நல்லாச் சோப்புப் போட்டுக் கழுவி, நாடாவைப் பிரிச்சு, சுருட்டி அனுப்பியிருக்கேன், மடிக்கல. ஓரத்துல தேயிலைக் கறை கொஞ்சம் இருக்கு, அது போக மாட்டேங்குது. நாலாவதைக் கேக்காத. அது என்கிட்டதான் இருக்கும். இனி மலையில நான் ஒருத்திதான் செவப்பு.

ஜனவரி மொத வாரம் தம்பி இராசையாவை வரச் சொல்லு. காலை பஸ்ல கூட்டிட்டுப் போகட்டும். நான் பஸ் ஏத்த வர மாட்டேன், வந்தா எறக்கிடுவேன். அன்னைக்கு ரோட்டு வளைவுக்கு மேல இருக்கிற மலையில எனக்கு வேலை போடச் சொல்லிக் கங்காணிகிட்ட கேட்டிருக்கேன். அவளை ஜன்னல் பக்கம் உக்கார வைங்க.

அக்கா ஜீவராணி


பதுளை
ஜனவரி 12

என் அன்பு அக்காவுக்கு,

உன் மகள் சொகம், நாங்களும் சொகம். நீ எப்படி இருக்க? சாப்பிடுறியா? ரெங்கம்மா ராத்திரியில வந்து பேச்சுத்துணைக்கு உக்காந்துட்டுப் போறான்னு ஸப்ரான் சொன்னுச்சு. எனக்கு மனசு ஆறுச்சு. அந்த ஆட்டை மட்டும் கூட்டிட்டு வர வேணாம்னு சொல்லு.

பஸ்ல நடந்ததை இவரு இன்னும் சொல்லிக்கிட்டே இருக்காரு. வளைவு வந்ததும் டிலுக்ஷி எழும்பி நின்னாளாம். மலை பூராவும் கறுப்பும் சாக்குமா ஆளுங்க, நடுவுல ஒரே ஒரு செவப்பு. அம்மான்னு அவ கத்தினதுல பஸ்ல இருந்தவங்க எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிட்டாங்களாம். ஸப்ரான் தம்பி பெல் அடிச்சு, டயர்ல ஏதோ சத்தம் கேக்குதுன்னு பஸ்ஸை நிப்பாட்டிட்டு, கீழ எறங்கி டயரைச் சுத்திச் சுத்திப் பாத்துச்சாம். நீ படங்கையே அவுத்துக் கொடி மாதிரி ஆட்டினியாமே. கங்காணி ஏசலயா?

வந்த அன்னைக்கு மேசையைப் பாத்துட்டு, சித்தி இதுல படுத்துத் தூங்கலாமேன்னா. இவரு மூணு துண்டையும் ஒட்டுத் தெரியாம தைச்சு, இழுத்து ஆணி அடிச்சுட்டாரு. அவளும் பக்கத்துலயே நின்னு ஆணி எடுத்துக் குடுத்தா. மேசையில முக்காவாசி ஸ்ட்ரோபெரி. ஜன்னல் பக்கத்து மூலை மட்டும் வெறும் பலகையா, கத்திக் கோட்டோட கெடக்கு. முன்ஸிப் நானா, ஸ்ட்ரோபெரி இனி வராது, திராட்சை போட்டது இருக்கு, அந்த மூலைக்குப் போட்டுக்கோங்கன்னு குடுத்து விட்டாரு. இவரு அளந்துட்டு ஆணியைக் கையில எடுத்தாரு. உன் மகள் குறுக்க கையை வச்சுட்டா.

"அது அம்மா கட்டியிருக்கிற துண்டு சித்தப்பா. அந்த எடத்துல வேற துணி போடாதீங்க."

இவரு ஆணியை டப்பாவுல போட்டுட்டு அறையை விட்டு வெளிய போயிட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா, உப்புத்தாள் கொண்டு வந்து அந்த மூலைப் பலகையைத் தேய்ச்சுக்கிட்டு இருக்காரு, சிலாம்பு குத்தாம இருக்கணுமாம்.

மூணு நாளா அவ அந்த மூலையில ஒண்ணும் வைக்கல, புத்தகம் கூட வைக்கல. எழுதுறதெல்லாம் ஸ்ட்ரோபெரி மேலதான். ஓரத்துல இருக்கிற தேயிலைக் கறையை நான் சோடா போட்டுத் துடைக்கப் போனேன், அதுக்கும் விடல. உன் படங்கு கிழிஞ்சா அனுப்பு அக்கா, இவரு புதுசு தைச்சுத் தருவாரு. அந்த மூலையை அப்பதான் மூட முடியும் போல.

அன்புத் தங்கச்சி,
கலா


மடுல்சீமை
ஜனவரி 25

தங்கச்சி கலாவுக்கும் தம்பிக்கும் என் தங்கத்துக்கும்,

நான் நல்லாச் சாப்பிடுறேன், நல்லாத் தூங்குறேன். மொத வாரம் ரெண்டும் இல்ல, அதை மறைக்க மாட்டேன். ரெங்கம்மா தெனமும் வந்து, டிலுக்ஷிகிட்ட சொல்ற கதையை என்கிட்ட சொல்லுங்கறா. சொன்னா பாதியிலயே கொறட்டை விடுறா. அந்தக் கறுப்புக் குஞ்சு வளந்து சேவலாயிருச்சு.

கங்காணி ஏசத்தான் செஞ்சாரு. ஏசிட்டு, பஸ்ஸு தெரிஞ்சுச்சான்னு அவரே கேட்டாரு.

கலா, உன் கடுதாசியை வாசிச்சுட்டு நெறைய நேரம் யோசிச்சேன். கல்யாணம் முடிஞ்சு இத்தனை வருஷத்துல உன் வீட்டுக்கு வந்து ஒரு நாள் நான் தங்கினது இல்ல. கூப்பிடும்போதெல்லாம் மழை, வேலை, கோழின்னு சொல்லிட்டேன். டவுன் வீட்டுல என்னை எங்க உக்கார வைப்பாங்களோன்னு ஒரு கூச்சம். இப்ப சித்திரைக்கு லீவு கேட்டுட்டேன். வந்து நாலு நாள் தங்குவேன். ரெங்கம்மா கோழியைப் பாத்துக்குவா, ஆடு ரெங்கம்மாவைப் பாத்துக்கும்.

அந்த மூலையை மூட வேணாம். என் படங்கு கிழிஞ்சாலும் அனுப்ப மாட்டேன். தம்பிகிட்ட சொல்லு, நல்லாத் தேய்ச்சு வழுவழுன்னு வச்சதுக்கு ரொம்ப நன்றி. ரெக்ஸின் மேல சூடா ஒண்ணும் வைக்கக் கூடாதாமே. எனக்குத் தேத்தண்ணி கொதிக்கக் கொதிக்க வேணும், அது உனக்குத் தெரியும். டிலுக்ஷி படிப்பா, நான் அந்த வெறும் பலகை மேல கிளாஸை வச்சுக்கிட்டு அவ பக்கத்துல உக்காந்திருப்பேன்.

எல்லாருக்கும் அன்பு,
அக்கா ஜீவராணி